அடுத்த மாதச் சம்பளம்

விவசாயிக்கு நிலம் உண்டு, வியாபாரிக்குச் சரக்கு உண்டு. கடன் கொடுப்பவர் எதை நம்பித் தருவது என்று கேட்டால் காட்டுவதற்கு அவர்களிடம் ஏதோ ஒன்று இருக்கிறது. மாதச் சம்பளத்தில் காலம் தள்ளும் குமாஸ்தாவிடம் என்ன இருக்கிறது? இன்னும் பார்க்காத வேலைக்கு இன்னும் வராத சம்பளம். அதைப் பெட்டியில் வைத்துப் பூட்ட முடியாது. அளந்து பத்திரம் எழுத முடியாது. ஆனாலும் அதை அடகு பிடிக்க ஆள் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் சம்பளத்தையே விலைக்கு வாங்கும் கடைகள் இருந்தன. கடன் என்று சொன்னால் வட்டி உச்சவரம்புச் சட்டம் குறுக்கே வரும். ஆகவே வரப்போகும் சம்பளத்தைக் கொஞ்சம் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்வதாகக் காகிதம் எழுதினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் மாதத்துக்கு 10 விழுக்காடு வட்டி என்பது அங்கே சாதாரணம். 1908-இல் ரஸ்ஸல் சேஜ் அறக்கட்டளை நியூயார்க்கின் இந்தத் தொழிலைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வே வெளியிட்டது. அந்தக் கடைக்காரர்கள் விரும்பித் தேடிய வாடிக்கையாளர் பரம ஏழையல்ல. ரயில்வே ஊழியர், அரசு அலுவலகக் குமாஸ்தா. காரணம் இரண்டு. ஒன்று, மாதம் பிறந்தால் சம்பளம் தவறாது. இன்னொன்று, கடன்பட்டிருப்பது மேலதிகாரிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். சம்பளம் பேருக்கு ஈடு. உண்மையில் அடகில் இருந்தது அவருடைய மானம். விஷயம் வெளியே தெரியாமல் இருப்பதற்காகத்தான் அவர் மாதம் தவறாமல் கட்டினார்.

வங்கிகள் இந்த மனிதரைக் கண்டுகொள்ளவில்லை. நியூயார்க்கின் நேஷனல் சிட்டி வங்கி தனிநபர் கடனுக்கென ஒரு பிரிவைத் திறந்தது 1928-இல்தான், அதுவே அன்று பெரிய செய்தி. அடுத்த சில ஆண்டுகளில் வங்கிகளே விழத் தொடங்கின. வட கரோலைனா மாநிலத்தின் ஆஷ்வில் நகரில் 1930 நவம்பரில் ஒரு பெரிய வங்கி கதவை மூடியபோது நகராட்சியின் பணமும் உள்ளே மாட்டிக்கொண்டது. பணத்தைப் போடவும் இடமில்லை, எடுக்கவும் இடமில்லை என்ற அந்தக் காலத்தில்தான், 1937-இல், அதே மாநிலத்தின் தலைநகரான ராலேயில் அரசு ஊழியர்கள் 17 பேர் சேர்ந்து ஒரு கடன் சங்கம் தொடங்கினார்கள். எல்லாருடைய பணத்தையும் கூட்டினால் 437 டாலர். தலைக்கு 26 டாலர் தேறாது.

அந்த 17 பேர் சங்கம்தான் இன்று ஸ்டேட் எம்ப்ளாயீஸ் கிரெடிட் யூனியன். 27 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், 5,000 கோடி டாலருக்கு மேல் சொத்து, மாநிலத்தின் 100 மாவட்டங்களிலும் கிளைகள். அமெரிக்கக் கடன் சங்கங்களில் இதைவிடப் பெரியது ஒன்றே ஒன்று: 1933-இல் கடற்படைத் துறை ஊழியர்கள் 7 பேர் வாஷிங்டனில் தொடங்கிய நேவி ஃபெடரல். முதல் இரண்டு இடங்களுமே அலுவலக மேசைகளில் பிறந்தவை. எண்கள் வியக்க வைக்கத்தான் செய்கின்றன. என்னை யோசிக்க வைப்பது அந்த வளர்ச்சி அல்ல, அதற்கு முந்தைய கேள்வி. வங்கிகள் நம்பத் தயங்கிய ஈட்டை இந்த 17 பேர் எப்படி நம்பினார்கள்?

யோசனை அவர்களுடையது அல்ல. அது பல ஊர் சுற்றி வந்தது. வரும் வழியில் நம் ஊரையும் தொட்டது. ஜெர்மனியில் ரைஃபைசன் என்ற கிராம அதிகாரி 1860-களில் விவசாயிகளைக் கொண்டு நடத்திய கடன் சங்கங்களைப் பார்த்துவர, 1892-இல் சென்னை அரசு ஃப்ரெடரிக் நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. 1895-லும் 1897-லும் அவர் தந்த தடித்த அறிக்கைகளின் சாரம், வெறும் சட்டம் போட்டால் போதாது, ரைஃபைசனைப் போல முன்னின்று நடத்தும் ஆள் வேண்டும் என்பது. ஆனாலும் 1904-இல் சட்டம்தான் முதலில் வந்தது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே இந்தியாவின் முதல் நகர்ப்புறக் கடன் சங்கம் காஞ்சிபுரத்தில் பதிவானது. 1907-இல் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தார் பாஸ்டன் நகரத்துப் பெரிய ஜவுளிக் கடை முதலாளி எட்வர்ட் ஃபைலீன். வங்காளத்தில் கூர்லே என்ற பதிவாளர் கிராமங்களில் நடத்திக்கொண்டிருந்த சங்கங்களைக் கண்டு அசந்துபோனார். ஊருக்குத் திரும்பியபின், 1909-இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் கடன் சங்கச் சட்டம் வர உழைத்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு இந்த இயக்கத்துக்காகப் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தார். தன் கடையின் நிர்வாகத்தைக் கூட்டாளிகளிடம் பறிகொடுத்த பிறகும் இதை விடவில்லை. ஒரு முதலாளி, தொழிலாளர்கள் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார் என்பதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கலாம்தான். கந்துவட்டிக்காரனுக்குப் பயந்து நடுங்கும் கணக்கர் கல்லாவில் உட்காருவதை எந்த முதலாளியும் விரும்பமாட்டார். நோக்கம் எதுவாயினும் விளைந்தது நன்மை.

வட கரோலைனாவுக்கு அது வேறு வழியாகவும் வந்தது. டர்ஹம் ஊரின் வங்கியாளர் ஜான் ஸ்ப்ரன்ட் ஹில் 1913-இல் ஓர் அமெரிக்கக் குழுவோடு ஐரோப்பாவுக்குப் போய் இதே ரைஃபைசன் சங்கங்களைப் பார்த்தார். 1915-இல் மாநிலச் சட்டம் வந்தது. அதே ஆண்டு லோஸ் குரோவ் என்ற சிற்றூரில் விவசாயிகள் தொடங்கியதுதான் அமெரிக்கத் தென் மாநிலங்களின் முதல் கடன் சங்கம். ஆக, ராலே குமாஸ்தாக்கள் 1937-இல் உட்கார்ந்தபோது சட்டம் தயாராக இருந்தது, முறை தயாராக இருந்தது. பணமும் ஆட்களும்தான் இல்லை.

முறை எளியது. ஆளுக்கொரு பங்கு வாங்க வேண்டும். எவ்வளவு போட்டிருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். நிர்வாகக் குழுவுக்குச் சம்பளம் கிடையாது. உறுப்பினர் போடும் பணத்திலிருந்து உறுப்பினருக்கே கடன். செலவு போக மிஞ்சுவது ஈவாகத் திரும்பும். நம் ஊரில் 'சொசைட்டி' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்கிறோமே, ஆசிரியரோ மின்வாரிய ஊழியரோ சம்பளச் சீட்டில் பிடித்தமாகப் பார்க்கிறாரே, அதே குடும்பம்தான். அங்கேயும் இங்கேயும் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் நம்பிக்கை, பரஸ்பர உதவி என்றெல்லாம் உருகுவார்கள். எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை. ஒரே அலுவலகத்தில் பத்து வருஷம் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் எவ்வளவு நம்புவார்கள் என்பது அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் இருந்தது நம்பிக்கையைவிடக் கெட்டியான ஒன்று: தகவல். பக்கத்து மேசைக்காரரின் சம்பளம் எவ்வளவு, அவர் நாளைக்கும் வேலைக்கு வருவாரா, அவர் மனைவிக்கு உண்மையிலேயே அறுவை சிகிச்சையா, இல்லை குதிரைப் பந்தயமா என்பதெல்லாம் வங்கி மேலாளருக்குத் தெரியாது. பக்கத்து மேசைக்குத் தெரியும்.

இதே தகவலைத்தான் அந்தப் பழைய சம்பளக் கடைக்காரரும் வைத்திருந்தார், அதை மிரட்டுவதற்குப் பயன்படுத்தினார். சங்கத்தில் அது மிரட்டலாக மாறவில்லையே, ஏன்? உங்கள் கடன் மனுவைப் பார்க்கும் குழுவில் இருப்பவரும் போன வருஷம் அதே மனுவை எழுதியவர். இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் எழுதப்போகிறவர். கடன் வாங்கியவரைக் கேவலமாகப் பார்க்க வேண்டுமானால் முதலில் தன்னைப் பார்க்க வேண்டும். கந்துவட்டிக்காரரின் முதலே கடனாளியின் வெட்கம்தான். அந்த வெட்கத்தை 17 பேரும் 437 டாலரோடு சேர்த்துப் பொதுவில் போட்டுவிட்டார்கள். போட்ட இடத்தில் அது செல்லாக்காசாகிவிட்டது.

வங்கிக்கு வருபவர்கள் இரண்டு வகை. பணம் போடுகிறவர், வட்டி கூடுதலாக வேண்டும் என்பார். வாங்குகிறவர், குறைவாக வேண்டும் என்பார். இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் வங்கி பிழைக்கிறது. ஊழியர் சங்கத்தில் இந்த இரண்டு பேரும் ஒரே ஆள். வட்டியை ஏற்றினால் இவருடைய ஒரு பை நிறையும், இன்னொரு பை காலியாகும். வட்டி விகிதத்தைப் பற்றிய உலகத்துச் சண்டை முழுவதும் இவருக்கு மனசுக்குள் நடக்கிறது. மனசுக்குள் நடக்கும் சண்டையில் யாரும் ரொம்ப தூரம் போக முடியாது. இதுதான் இந்தச் சங்கங்களின் நேர்மைக்கு அடிப்படை என்று நினைக்கிறேன். உறுப்பினர்கள் நல்லவர்கள் என்பதல்ல விஷயம். ஏமாற்றினால் ஏமாறுவதும் தானே என்ற அமைப்பு அது.

அமைப்பு அப்படியென்றால், அதைப் பெரிதாக்கும்போது என்ன ஆகும்?

ஒரே முதலாளியிடம் வேலை பார்ப்பவர்களின் சங்கத்துக்கு ஒரு பலவீனம் பிறவியிலேயே உண்டு. ஆலை மூடினால் கடன் வாங்கியவருக்குக் கட்ட வழியில்லை. பணம் போட்டவர் அதே வாரம் வந்து திருப்பிக் கேட்பார். எல்லாரும் ஒரே படகில் இருப்பது படகு ஓட்டையாகும்வரைதான் பலம். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தொழிற்சாலைகள் வரிசையாக மூடியபோது, சங்கங்களைக் கண்காணிக்கும் கூட்டரசு அமைப்பு 1982-இல் விதியைத் தளர்த்தியது: ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல நிறுவனங்களின் ஊழியர்களும் ஒரே சங்கத்தில் சேரலாம் என்றது. வட கரோலைனாவின் வின்ஸ்டன்-சேலம் நகரில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆலையின் ஊழியர்கள் 1952-இல் ரேடியோ ஷாப்ஸ் என்ற பெயரில் ஆரம்பித்த ஒரு சிறு சங்கம் இந்த வாசல் வழியாக மளமளவென்று வளர்ந்தது. 1990-களில் அதன் பெயர் ஏடி அண்ட் டி ஃபேமிலி, உறுப்பினர் சுமார் 1,10,000 பேர். அதில் ஏடி அண்ட் டி ஊழியர்கள் 35 விழுக்காடுதான். மற்றவர்கள் கோக கோலா பாட்டிலில் அடைக்கிறவர்கள், சிகரெட் செய்கிறவர்கள், மின்சாரம் விற்கிறவர்கள்.

வங்கிகள் வழக்குப் போட்டன. ஆஷ்பரோ என்ற சிற்றூரின் வங்கி ஒன்றின் பெயரில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1998 பிப்ரவரியில் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. கடன் சங்கங்களுக்கான 1934-ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் சொல்லும் பொதுப் பிணைப்பு என்பது உறுப்பினர் அத்தனை பேரையும் பிணைக்கும் ஒரே பிணைப்பாக இருக்க வேண்டும், தனித்தனிப் பிணைப்புள்ள குழுக்களைக் கூட்டி ஒட்டவைக்க முடியாது என்பது நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு. ஆறே மாதத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, பல குழுக்களைச் சேர்க்க அனுமதி கொடுத்துவிட்டது. மறு வருஷம் அந்தச் சங்கம் ட்ரூலியன்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பழைய ஆலையின் சாயல் பெயரில்கூட இல்லை.

வங்கிகள் வழக்குப் போட்டது தங்கள் லாபத்துக்காக. அதில் சந்தேகம் வேண்டாம். வரி விலக்கு பெற்ற ஒரு போட்டியாளர் வளர்வது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சுயநலக்காரர் கேட்டதாலேயே கேள்வி தவறாகிவிடாது. பக்கத்து மேசையைத் தெரியும் என்பதில் ஆரம்பித்த ஒன்று, மேசையே இல்லாத லட்சம் பேருக்கு எதை வைத்து அதே சங்கமாக இருக்கிறது? சட்டத் திருத்தம் அனுமதி கொடுத்ததே தவிர, பதில் கொடுக்கவில்லை.

பதிலுக்குப் பக்கத்தில் போனது ராலே சங்கம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே முதலாளி மாநில அரசு. ஆலையைப் போல அரசு மூடிவிடாது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வந்தார்கள், பிறகு உறுப்பினர் குடும்பத்தார் வந்தார்கள். அரசு வேலையே பார்க்காத பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று உறுப்பினர்கள். முகம் தெரிந்த காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் பல பத்தாண்டுகள் விடாமல் வைத்திருந்தார்கள். கார் கடன் என்றால் எல்லாருக்கும் ஒரே வட்டி. நம் ஊரில் சிபில் ஸ்கோர் என்கிறோமே, அது போன்ற கடன் மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் சரி. பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்கும் தலைமைச் செயலக அதிகாரிக்கும் ஒரே விகிதம். உலகம் முழுவதும் மதிப்பெண்ணுக்கு ஏற்ப வட்டியைக் கூட்டிக் குறைக்கையில் இவர்கள் மட்டும் அசையவில்லை.

2023 மார்ச்சில் அதை மாற்றினார்கள். நல்ல மதிப்பெண்ணுக்குக் குறைந்த வட்டி, மோசமான மதிப்பெண்ணுக்குக் கூடுதல் வட்டி. நிர்வாகத்தின் வாதம் ஒதுக்கிவிடக் கூடியது அல்ல. நன்றாகக் கட்டுகிறவருக்கு வெளியே இதைவிடக் குறைவாகக் கிடைக்கிறது, அவர் அங்கே போகிறார், போகாமல் இங்கேயே இருப்பவர் மற்றவருக்காகக் கூடுதலாகக் கட்டுகிறார். அது நியாயமா? 1979 முதல் 2016 வரை சங்கத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜிம் பிளேன் பகிரங்கமாக எதிர்த்தார். கொஞ்ச நாளில் புதிய தலைமை நிர்வாகி பதவியை விட்டுப் போய்விட்டார். அக்டோபரில் ஆண்டுக் கூட்டம் வந்தது. வழக்கமாக நிர்வாகக் குழு முன்மொழியும் பெயர்களே போட்டியின்றி வந்துவிடும் தேர்தலில், உறுப்பினர்கள் தரப்பில் நின்ற மூன்று பேர் குழுவின் வேட்பாளர்களைத் தோற்கடித்து உள்ளே போனார்கள். 17 பேர் வைத்த ஆளுக்கொரு ஓட்டு என்ற விதி, 27 லட்சம் பேர் ஆன பிறகும் உயிரோடுதான் இருந்தது.

இரண்டு தரப்பின் கணக்கையும் மாற்றி மாற்றிப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. நன்றாகக் கட்டுகிறவர், சரியாகக் கட்டாதவர் என்று இரண்டு மனிதர்களை வைத்துக்கொண்டால் நிர்வாகத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது. அவர்கள் இரண்டு மனிதர்கள்தானா? 24 வயதில் வேலைக்குச் சேரும் ஓர் ஆசிரியை. படிப்புக் கடன் பாக்கி, பழைய கார், கையில் சேமிப்பில்லை. அவருக்கு மதிப்பெண் குறைவாகத்தான் இருக்கும். அதே ஆசிரியை 58 வயதில், வீட்டுக் கடன் முடிந்து, ஓய்வூதியம் கண்ணில் தெரியும்போது, அந்தச் சங்கத்தின் மிகச் சிறந்த சேமிப்பாளர். இரண்டும் ஒரே உறுப்பினர் எண். மதிப்பெண் ஒரு மனிதரை ஒரு தேதியில் அளக்கிறது. சங்கம் அவரை முப்பது வருஷமாக வைத்திருக்கிறது. ஒரே வட்டி என்ற ஏற்பாட்டில் மூத்தவர் இளையவருக்குத் தர்மம் செய்யவில்லை. தான் வாங்கியபோது தனக்குக் கிடைத்ததைத் திருப்பிக் கொடுக்கிறார், அவ்வளவுதான். பக்கத்து மேசை இல்லாமல் போன பிறகும் சங்கம் சங்கமாக இருக்கிறதென்றால், அது இந்தக் கால நீட்சியில்தான் இருக்கிறது. அன்று 17 பேர் ஒருவரையொருவர் எதிர் நாற்காலியில் பார்த்தார்கள். இன்று உறுப்பினர் எதிர் நாற்காலியில் பார்க்க வேண்டியது வேறு வயதில் இருக்கும் தன்னையே. அது கஷ்டமான பார்வை. சக ஊழியரின் முகம் தினமும் தெரியும். 24 வயதில் இருந்த தன் முகம் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

கணக்கு எல்லாருக்கும் இப்படிச் சமமாக முடியாது என்பதும் தெரிந்ததுதான். ஆயுள் முழுக்க வாங்கிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. வாங்காமலே போட்டுக்கொண்டிருப்பவர்களும் உண்டு. சேமிப்பு என்ற கரைக்குப் போய்ச்சேராமலே போகிறவருக்கு, காத்திரு, ஒருநாள் நீயும் சேமிப்பாளர் ஆவாய் என்று சொல்வது வெறும் ஆறுதல்.

இதற்கு அந்தச் சங்கம் 2001-இல் ஒரு காரியம் செய்தது. வட கரோலைனா 1997-இல் சம்பள நாள் வரைக்கான கைமாற்றுக் கடைகளுக்கு அனுமதி கொடுத்திருந்தது. பழைய சம்பளக் கடைகளின் மறுபிறவி அவை. 300 டாலருக்குத் தேதி தள்ளிக் காசோலை எழுதிக் கொடுத்தால் கையில் 255 டாலர் வரும். நம் ஊர்த் தண்டல்காரர் முதலிலேயே பிடித்துக்கொண்டு தருவது போலத்தான். இரண்டு வாரத்தில் கட்ட முடியாமல் மறுபடி வாங்குவார்கள், மறுபடியும். 2001 வரை அந்த அனுமதி நீடித்தது. தங்கள் உறுப்பினர்களே அந்தக் கடைகளில் நின்றதைப் பார்த்த சங்கம், அடுத்த சம்பளம் வரைக்கும் 500 டாலர் வரை 12 விழுக்காடு ஆண்டு வட்டிக்குக் கொடுக்கத் தொடங்கியது. 500 டாலருக்கு ஒரு மாத வட்டி 5 டாலர். மதிப்பெண் கேட்கவில்லை, சம்பளம் நேராகச் சங்கத்துக் கணக்குக்கு வந்தால் போதும்.

இந்தக் கடனுக்கு ஒரு நிபந்தனையும் இருந்தது. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் தொகையில் 5 விழுக்காடு வாங்குகிறவர் பெயரிலேயே ஒரு சேமிப்புக் கணக்கில் போய்விடும். கடன் வாங்க வந்தவர் அதே கையெழுத்தில் பணம் போட்டவரும் ஆகிறார். முப்பது வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. 500 டாலருக்கு 25 டாலர். தொடாமல் விட்டால், இருபது முறை வாங்கியவரிடம் இருபத்தோராவது முறைக்கு வேண்டிய 500 டாலர் அவருடைய பணமாகவே இருக்கும்.